கரட்டு மேல வெச்ச புள்ளி

அந்தச் சேர் வேண்டாங்க தம்பி, அதுக்கு ஒரு காலு ஆடும். இந்தக் கட்டில்ல உக்காருங்க, ஃபேனுக்கு நேரா. கரண்டெல்லாம் இருக்குதுங்க, கரண்டுக்கு எங்கூர்ல ஒரு கொறையுமில்ல. நெட்டுத்தான் இல்ல. அதப் பாக்கத்தான நீங்களே வந்திருக்கறீங்க. மொதல்ல மோரக் குடிங்க. சாருன்னு கூப்புடோணும்னுதான் நெனைக்கறேன், ஆனா என்ற பையனவிடச் சின்னவராட்டத் தெரியறீங்க, வாயில தம்பின்னுதான் வருது. கோவிச்சுக்காதீங்க.

என்னாச்சுங்க, ரெண்டாவது தடவையும் நெட்டு வல்லீங்களா? சுத்திக்கிட்டே இருந்துச்சே? ஃபெயிலா? அட கெரகமே.

கதவுகிட்ட நின்னு ஒருத்தி சிரிச்சாளே, அவ என்ற மருமவ, கோகிலவாணி. ஃபெயிலுன்னு நீங்க சொன்னதும் அவ மூஞ்சியப் பாத்தீங்களா? கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படிச் சிரிக்கல. ஊரு ஃபெயிலாவுது, இவ பல்லக் காட்டறா.

சரி, நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு நீங்களே சொல்லுங்க. அரை மணிக்கு ஒருக்கா மூணு தடவை உங்க போன்ல அந்தப் பட்டன அமுத்தோணும். மூணு தடவையும் நெட்டு வல்லீன்னா, கவருமெண்டு மேப்புல பச்சையா இருக்கற எங்கூரு செவப்பா மாறிரும். செவப்பானா கவருமெண்டு காசுலயே கம்பி இழுத்து வூட்டுக்கு வூடு நெட்டுக் குடுப்பாங்க. மூணுல ஒண்ணு வந்துட்டாலும் பச்சை பச்சையாவே நிக்கும், கம்பி கெடையாது. சரிதானுங்களே? கோகிலா தெனம் காலைல கந்தசஷ்டி சொல்றாப்பல இதைத்தான் எனக்குச் சொல்லிக்கிட்டிருக்கறா. மனசுல ஏறுது, ஆனா எறங்க மாட்டேங்குதுங்க. ஃபெயிலானவங்களுக்குப் பரிசு குடுக்கறது எந்த ஊரு நாயமுங்க?

நீங்க மரியாதைக்குத் தலையாட்டறீங்க. இருக்கட்டும். மூணாவது தடவைக்கு இன்னும் அரை மணி இருக்குதல்ல, அதுவரைக்கும் பழம பேசிட்டிருப்போம்.

என்ற பேரு துளசிமணிங்க. இந்த மொட்டக்கரட்டூருக்கு ரெண்டாவது தடவையா வார்டு மெம்பரு. நாப்பத்தி மூணு வூடு. சன்னலுக்கு வெளிய மொட்டையா ஒரு பாறை தெரியுதல்ல, அதுதான் கரடு. டவுனு அதுக்கு அந்தப் பக்கம். டவரு அந்தப் பக்கம். உலகமே அந்தப் பக்கம்தானுங்க. நாங்க மட்டும் இந்தப் பக்கம். இங்க போன் பேசோணும்னாலே ஆட்டுப்பட்டிச் சுவத்து மேல ஏறி ஒரு காலத் தூக்கி நிக்கோணும், அதும் அடிக்கிற காத்தப் பொறுத்து. நெட்டு வேணும்னா கரட்டு உச்சிக்குத்தான் போகோணும். மேல முனியப்பன் கோயிலு. நூத்தி அறுவது படி. அங்க மட்டும் அந்தப் பக்கத்து டவரு சும்மா பிச்சுக்கிட்டு வரும்.

இந்தக் கோகிலா இருக்கறாளே, அவளுக்குக் கம்பெனி வேலைங்க. கோயமுத்தூர்க் கம்பெனி. அமெரிக்காக்கார ஆஸ்பத்திரிச் சீட்டையெல்லாம் படிச்சு, எவனுக்கு என்ன நோவுன்னு பாத்து நம்பர் போடற வேலை. வூட்டுல இருந்தே பாக்கலாம்னு சொல்லித்தான் சேத்தாங்க. இவ எங்க வூட்டுல இருந்தா? ஒரு வருசமா தெனம் காலைல எட்டு மணிக்குக் கொடை, தண்ணி பாட்டலு, லேப்டாப்பு, கழுத்துல கம்பெனி அட்டை, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு நூத்தி அறுவது படி ஏறுவா. முனியப்பன் வேலுக்குப் பக்கத்துல ஒக்காந்து அமெரிக்காக்காரனுக்கு நம்பர் போடுவா.

அதுல நடந்த கூத்தக் கேளுங்க. கோயில் பண்டாரம் மணி அடிச்சா இவ காதுல மாட்டியிருக்கற மிசினு வழியா கம்பெனி பூராக் கேக்குமாமா. அவங்க மேனேஜரு ஒரு நாளு, "கோகிலா, உங்க ஆபீஸ்ல ஃபயர் அலாரமா?"ன்னு கேட்டானாம். இவ ஆமாம்னு சொல்லிப்போட்டா. அவன் பதறிப்போயி, வெளிய ஓடுங்க ஓடுங்கங்கறான். எங்க ஓடறது, ஏற்கெனவே வெளியதான உக்காந்திருக்கறா. இன்னொரு நாளு எவனோ அமெரிக்காக்காரனுக்குக் கிட்னில மூணு கல்லுன்னு இவ வாய்விட்டுப் படிச்சிருக்கறா. பண்டாரம் அதக் கேட்டுப்போட்டு, பாவம் யாரு பெத்த புள்ளையோன்னு, ஒரு எலுமிச்சம்பழத்த மந்திரிச்சு வேல்ல குத்திட்டான். அந்தாளுக்கு இந்நேரம் கல்லு கரைஞ்சிருக்கும்.

சிரிங்க, சிரிங்க. ஆனா கம்பெனிக்காரன் சிரிக்கல. போன மாசம் ஒரு கடுதாசி போட்டுட்டான். வூட்டுல கம்பி நெட்டு இருக்கோணும், இல்லீன்னா கோயமுத்தூருக்கே வந்து ஒக்காந்து வேலை பாக்கோணும். இவ கெஞ்சிக் கேட்டா, கம்பி வருது, ஆபீசரு வந்து பாக்கப் போறாருன்னு. சரி, இந்தத் தேதிக்குள்ள ஊரு செவப்பாச்சுன்னு கவருமெண்டு எழுதிக் குடுத்துட்டா, கம்பி வர்ற வரைக்கும் மூணு மாசம் கரட்டுலயே இருந்துக்க, இல்லீன்னா மறுநாளு காலைல வந்து சேருன்னுட்டான். அந்தத் தேதி இன்னைக்குத்தானுங்க. வாசப்படிகிட்ட ஒரு நீலப் பையி இருக்குது பாருங்க. நேத்தே துணிய அடுக்கி வெச்சுட்டா. எங்கூருக்கு ஒரே பஸ்சு, நாலேகாலுக்கு வரும்.

அந்தப் பைய நான் கண்ணுல பாக்கறதே இல்ல. தாண்டித் தாண்டிப் போயிட்டிருக்கறேன்.

என்ற பையன் சிவசண்முகம் லாரி ஓட்டறானுங்க, வடக்க போனா இருவது நாளு. வூட்டுக்காரரு தவறிப்போயி ஒம்பது வருசமாச்சு. இந்த வூட்டுல நானும் அவளும்தான். உப்புச் சாஸ்தின்னு நான் சொல்லுவேன், கொறைச்சல்னு அவ சொல்லுவா. டிவில நாடகத்துக்குச் சண்டை, ஆட்டுக்குத் தழை வெட்டறதுக்குச் சண்டை. அவ போயிட்டா நான் யாருகிட்டங்க சண்டை போடறது? ஆடுககிட்டயா? சொல்லப்படாது, ஆனா சொல்றேன், பெத்த பையன் லாரி ஏறும்போதுகூட நான் பையத் தாண்டித் தாண்டிப் போனதில்ல.

அதனாலதானுங்க இந்த ஆட்டம் ஆடுனேன்.

மொதல்ல பேப்பர்ல மனு எழுதி, நாப்பத்தி மூணு வூட்டுலயும் கையெழுத்து வாங்கிக்கிட்டு டவுனுக்குப் போனேன். அந்த ஆபீஸ்ல ஒரு அம்மா கம்ப்யூட்டரத் தொறந்து, "உங்கூரு பச்சையா இருக்குதே"ன்னாங்க. பச்சைன்னா நல்லதுதானுங்களேன்னேன். "நாப்பத்தி மூணு வூட்டுலயும் அருமையா நெட்டு வருதுன்னு இருக்குது, கம்பிக்கு வழியில்ல"ன்னாங்க. எட்டிப் பாத்தா, எங்கூருக்குன்னு வெச்ச புள்ளி எங்க இருக்குதுங்கறீங்க? கரட்டு உச்சில! ஊரு கீழ கெடக்குது, புள்ளிய முனியப்பன் தலையில கொண்டு போயி வெச்சிருக்கறான் எவனோ ஒரு கூமுட்டை! ஏசி ரூம்ல ஒக்காந்துக்கிட்டு, ஊரு எங்க இருக்குது, மலை எங்க இருக்குதுன்னுகூடப் பாக்காம புள்ளி வெச்சவன் கைய ஒடைக்கோணும். நானு அங்கயே சத்தம் போட்டேன். ஆபீசே திரும்பிப் பாத்துச்சு.

அந்தம்மா தன்மையாச் சொன்னாங்க, ஆச்சேபனை இருந்தா பேப்பர்ல எல்லாம் வாங்கறதில்ல, நெட்டுலதான் அனுப்போணும்னு. நெட்டு இல்லீன்னு சொல்றதுக்கு நெட்டு. சரீன்னு கோகிலா கரட்டு மேல ஏறி அனுப்புனா. ஒரே நிமிசத்துல போயிருச்சுங்க. ரெண்டே நாள்ல பதிலும் வந்துருச்சு. என்னன்னு? "தங்கள் ஆட்சேபணை தங்கள் ஊரிலிருந்தே இணையம் வழியாக வந்து சேர்ந்தது. எனவே இணையம் இருப்பது உறுதியாகிறது. நன்றி."

நன்றியாமா!

அப்புறம் அவ டவுனுக்கே போயி, ஒரு கடையில ஒக்காந்து அனுப்புனா. அதுக்கு வந்த பதிலு, "ஆட்சேபணை சம்பந்தப்பட்ட ஊரிலிருந்து அனுப்பப்படவில்லை. எனவே ஏற்பதற்கில்லை." பாத்தீங்களா நாயத்த? ஊருக்குள்ள இருந்து அனுப்புனா நெட்டு இருக்குது, வெளிய இருந்து அனுப்புனா நாங்களே இல்ல.

மூணாவது தடவை நானே நேராப் போனேன். தூக்குப்போசில புளிச்சோறு, ஒரு பாயி. ஆபீஸ் வராண்டாவுல விரிச்சு ஒக்காந்துட்டேன். ஆளு அனுப்பற வரைக்கும் எந்திரிக்கறதில்லன்னு. மொத நாளு யாரும் கண்டுக்கல. ரெண்டாவது நாளு அங்க மனு எழுதத் தெரியாதவங்களுக்கெல்லாம் நானு எடம் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சுட்டேன், அந்த ரூமுக்குப் போ, இந்த சன்னலுக்குப் போன்னு. மூணாவது நாளு பியூனு லீவு போட்டுட்டு எங்கிட்டச் சொல்லிட்டுப் போனான். அதுக்கப்புறந்தான் உங்க ஆபீஸ் பெரியவரு பயந்துபோயி உங்கள இந்த ஊருக்குத் தாட்டி விட்டாரு. நல்லாயிருங்க.

கோகிலா கூப்புடறா. இருங்க, என்னன்னு கேட்டுப்போட்டு வாறேன்.

ஒண்ணுமில்லீங்க. "அத்தை, மூணாவது தடவையும் இங்கயே அமுத்தட்டும். அவர மேல மட்டும் கூட்டிட்டுப் போயிராதீங்க"ங்கறா. கையப் புடிச்சுக்கிட்டுச் சொல்றா. சின்னப்புள்ளையாட்ட. நான் எதுக்கு உங்கள மேல கூட்டிட்டுப் போறேன்? சாப்பாடு மேல இருக்குதுன்னுதான கூட்டிட்டுப் போகோணும்.

ஆமாங்க, சாப்பாடு மேலதான். ஊர்ப் பொங்கலு வெச்சிருக்குதுங்க, கெடா வெட்டியாச்சு. நாப்பத்தி மூணு வூடும் காலைல இருந்து மேலதான் இருக்குது. ஊருக்குள்ள ஒரு ஈ காக்காயைக் காணமேன்னு நீங்க கேக்கவே இல்ல. ஆபீசரு வர்றாருன்னா சும்மாவா? எங்கூர்ல எந்தக் காரியமும் முனியப்பன் காலடியிலதானுங்க ஆரம்பிக்கும். புது டிராக்டரு வாங்குனா அடிவாரத்துல நிறுத்திச் சாவிய மேல கொண்டு போவோம். மிக்சி வாங்குனாக்கூட மேல தூக்கிட்டுப் போயி மாலை போட்டுட்டுத்தான் தேங்கா அரைக்கறது. கோகிலாவப் பொண்ணு பாத்துட்டு வந்தப்ப அவ போட்டோவக் கொண்டு போயி வேல்ல சாத்தி வெச்சோம். வெளங்குச்சா இல்லியா?

நெட்டுக்கும் அப்படித்தான் பண்ணுனோம். அந்த சாமி அலமாரியில வெள்ளையா ஒரு பொட்டி தெரியுதல்ல, சந்தனப்பொட்டு வெச்சு, அதுதான் நெட்டுப் பொட்டி. அஞ்சு வருசத்துக்கு முன்னால கவருமெண்டுல இருந்து ஒரு பையன் கொண்டு வந்தான். நூலகத்துல வெச்சா மழை ஒழுகுதுன்னு நானே எடுத்து வந்து வெச்சிருக்கறேன். வெள்ளிக்கெழமையானாத் தொடச்சுப் பொட்டு வெப்பேன். அஞ்சு வருசத்துல ஒரு நாளுகூட லைட்டு எரியலீங்க. எனக்கென்னமோ உள்ள ஒண்ணுமே இல்லியோன்னு ஒரு சந்தேகம்.

அந்தப் பையன் வந்த அன்னைக்குப் பண்ணுனமே ஒரு தெறப்பு விழா, இந்தப் பக்கத்துலயே எவனும் பண்ணியிருக்க மாட்டான். வந்தவன் கீழயே, நூலகத்துக்கிட்டவே ஏதோ எழுதறதுக்கு ஆரம்பிச்சான். நான் வுடுவனா? "தம்பி, எதா இருந்தாலும் சாமி முன்னால எழுது"ன்னு பொட்டியத் தாம்பாளத்துல வெச்சு, மேளத்தோட மேல தூக்கிட்டுப் போனோம். முனியப்பன் முன்னால வெச்சு, பூசணிக்கா ஒடைச்சு, நான் ரிப்பன் வெட்டுனேன். அவன், இந்த எடத்தக் குறிச்சுக்கறேங்கக்கான்னு போன்ல ஏதோ ஒரு அமுத்து அமுத்துனான். போட்டோ எடுத்தான். அப்புறம், வூட்டுக்கு ஒரு போன்ல ஸ்பீடு பாக்கோணும், வூடு வூடாப் போகோணும், ரெண்டு நாளாகும்னான். எதுக்குடா சாமி ரெண்டு நாளு, நாப்பத்தி மூணு வூடும் இங்கயேதான இருக்குதுன்னு, எல்லாத்தையும் வரிசையில நிறுத்திட்டேன். ஒருத்தரு விடாம அமுத்துனாங்க. ஒவ்வொருத்தருக்கும் பச்சை வந்தது, ஒவ்வொருத்தருக்கும் கை தட்டுனோம். அந்தப் பையன் கண்ணுல தண்ணி வராத கொறை. "அக்கா, ஒரே நாள்ல முடிஞ்ச ஊரு உங்கூருதான்"ன்னான். அவன் குடுத்த பேப்பர்ல கீழ நானுதான் கையெழுத்துப் போட்டேன். முத்து முத்தா.

என்னங்க தம்பி, சடார்னு நிமிந்து உக்காந்துட்டீங்க? மோரு பொறையேறிருச்சா? தலையத் தட்டிக்கங்க.

புள்ளியா? எந்தப் புள்ளி? அட அது வேறங்க. அது ஏதோ கூமுட்டை ஆபீஸ்ல ஒக்காந்து வெச்சது. இது சாமி காரியம்.

எந்திரிங்க, பொடிநடையாப் போலாம். இலை போட்டுருப்பாங்க. மூணாவதுக்கு நேரம் வந்தா எறங்கி வந்துக்கலாம், வேண்டாம்னா சொல்றேன்? வூடு தேடி வந்த ஒறம்பரைய வெறும் மோரோட அனுப்புனா என்ற மருவாதி என்னாவறது? ஏனம்மிணி கோகிலா, நீயும் வா. வல்லியா? வல்லீன்னா போ. பைய அங்க வெக்காத, தடுக்குது.

படி பாத்து வாங்க. வலது பக்கமாவே வாங்க, இடது பக்கம் முள்ளு.

மூச்சு வாங்குதா? இவ தெனம் ஏறுவா, நெனச்சுப் பாருங்க. காச்சலோட ஏறியிருக்கறா. மழையில லேப்டாப்ப ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு எறங்குவா, நான் கீழ துண்டோட நிப்பேன். திட்டிக்கிட்டேதான் தலையத் தொவட்டி விடுவேன்.

ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொன்னதில்ல. நான் எட்டாங்கிளாஸ் ஃபெயிலுங்க. கணக்குல ரெண்டு மார்க்குல போச்சு. ஒரு தடவைதான் போச்சு. எங்கப்பன் அந்தச் சீட்டப் பாத்தாரு, மடிச்சு பாக்கெட்டுல வெச்சாரு, மறுநாளு ஆட்டோட அனுப்பிட்டாரு. இன்னொருக்கா எழுத வுடுங்கப்பான்னு எத்தன அழுதேன். ஃபெயிலுங்கற வார்த்தை இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஆகாதுங்க. நீங்க ரெண்டு தடவை சொல்லிப்போட்டீங்க. நான் சிரிச்சுக்கிட்டே மோரு ஊத்துனேன்.

அதிகாரிங்க முன்னால ஊரு கெத்தா இருக்கோணுமுங்க. தண்ணிப் பஞ்சம்னு மனு குடுத்து ஒரு தடவை ஒரு ஆபீசரம்மா பாக்க வந்தாங்க. அவங்க முன்னால காஞ்ச கொளாயக் காட்டறதா? கேவலமா இல்ல? ராத்திரியோட ராத்திரியா லாரில தண்ணி வாங்கித் தொட்டிய ரொப்பிட்டோம். அந்தம்மா கொளாயத் தொறந்தாங்க பாருங்க, பொடவையெல்லாம் நனைஞ்சு போச்சு. அத்தன சந்தோசமாப் போனாங்க. ஆனா போர்வெல்லு மட்டும் போட்டுத் தரல. எங்கூருக்கு வந்ததப் பக்கத்தூருக்குத் திருப்பி விட்டுட்டாங்க. அதுல ஏதோ சூது இருக்குதுங்க.

இந்தா, வந்தாச்சு. நேரா நின்னு கும்புடுங்க. பண்டாரம், தம்பிக்குத் துன்னூறு குடுங்க. பாத்தீங்களா ஊர? அத்தன பேரும் குளிச்சு, புதுத்துணி போட்டு, உங்களுக்காக நிக்கறாங்க. கையில என்னங்கறீங்களா? போனுதான். ஒரு ஒத்தாசைக்கு இருக்கட்டும்னு எல்லாரையும் கொண்டு வரச் சொன்னேன்.

ஏனுங்க, உங்க போனு என்னமோ சத்தம் போடுது? மூணாவது தடவைக்கு நேரமாச்சா? அதுக்குள்ளயா? கீழ போறதா? எதுக்குங்க இப்ப நூத்தி அறுவது படி எறங்கி, மறுபடி சாப்பாட்டுக்கு ஏறி? சாமி பாத்துக்கிட்டிருக்குது. ஊரே நிக்குது. ரெண்டு ஃபெயிலுக்கு ஒரு பாஸ் இருந்தாத்தானுங்க ஆபீஸ்ல பெரிய எடத்துல இருக்கறவங்க பாத்தா, பரவால்ல, முட்டி மோதி மேல வந்துட்டாங்க, இவங்களுக்குக் குடுக்கலாம்னு தோணும். மூணும் ஃபெயிலுன்னு போனா நம்மள யாரு சீந்துவா? என்ற கோகிலாவுக்கு வேண்டியாவது ஒரு பாஸ் வேணுமுங்க.

தயங்காதீங்க. குடுங்க இப்புடி. இந்தப் பட்டன்தான? முனியப்பா, நீதாண்டாப்பா பாத்துக்கோணும்.

அமுத்திட்டேன்! ஆரும் சத்தம் போடாதீங்க, சுத்துது. ஓடுது பாருங்க முள்ளு... இருவது... நாப்பது... அடேங்கப்பா, எம்பத்தி ஒண்ணு! பச்சை! பச்சை வந்துருச்சு! தட்டுங்க எல்லாரும்! பண்டாரம், மணிய அடிங்க! பாஸ் ஆயிட்டோம்! அம்பத்தெட்டு வயசுல பாஸ் ஆயிட்டேனுங்க தம்பி!

ஏனுங்க, நீங்க மட்டும் கை தட்டல?

திரும்ப அமுத்தலாமுங்களா? முடியாதா? மூணும் போயிருச்சா? அதுவா ஆபீசுக்குப் போயிட்டுதா, இவ்வளவு சீக்கிரமா? நெட்டு நல்லா இருக்கறதுனால போயிருச்சா.

ஓ. அப்ப பச்சைன்னா... அப்படியேதான் இருக்குமா. கம்பி வராதா.

அட, அவ சொன்னது தெரியுமுங்க. தெரியும். தெனம் சொல்லுவா. ஆனா அது வந்து... நேர்ல வந்து பாக்கறவங்களுக்குத் தெரியாதா, கீழ ஒண்ணுமில்லன்னு? நீங்களே ரெண்டு தடவை பாத்தீங்களே? உங்க போனுக்குத் தெரியாட்டி உங்களுக்குத் தெரியுமல்ல?

இருங்க. அதென்ன கீழ, தூசி கௌம்புது? பஸ்சுதான். நாலேகால் வண்டி. அந்த இட்டேரித் தடத்து மொனையில நிக்கறது யாருங்க, எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. நீலமா ஏதோ வெச்சிருக்கறாப்பல? மணிச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். மணி அடிச்சதும் புரிஞ்சிருக்கும். வெவரமான புள்ளைங்க அவ.

கோகிலா! ஏ கோகிலா! நில்லு சாமி! கேக்காதுங்க, காத்து அந்தப் பக்கம் அடிக்குது. போனப் போடுங்க, யாராச்சும் போனப் போடுங்க அவளுக்கு. இங்கதான் அருமையா எடுக்குதே, எம்பத்தி ஒண்ணு வந்துச்சே! குடுங்க, நான் பேசறேன். ரிங்கு போகுதா?

யாரோ ஒரு அம்மா பேசுது. "நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்"ங்குது. இன்னொருக்காப் போடுங்க. மறுபடியும் அதேதான் சொல்லுது. அவ கீழ இருக்கறாளுங்க. கீழ எடுக்காது. கீழ நெட்டும் இல்ல, டவரும் இல்ல, ஒரு எழவும் இல்லீங்க!

கை காட்டறாளா? எனக்கா? நீங்க பாத்துச் சொல்லுங்க தம்பி, எனக்குத் தெரியல.

ஏறிட்டா.

ஏனுங்க தம்பி... அந்தப் பச்சைய அழிச்சுப்போட்டு, ஃபெயிலுன்னு எழுதிக்க முடியுங்களா? நானு கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.